அக்னி நட்சத்திரத்தில் ஒரு மிக்-21

வேலூருக்கு மாற்றலாகி வந்தபின் நான் பார்த்த முதல் மே மாதம் அது, 2025. மாடி வீடு. தலைக்கு மேல் தளம், தளத்துக்கு மேல் வெயில், வேறு தடுப்பு ஒன்றும் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, 72-ல் ஒரு பங்கு அளவிலான மிக்-21 விமான மாடலுக்குப் பளபளப்புக் கருப்பு அடிக்க உட்கார்ந்தேன். அரைமணி நேர வேலை. முடித்துவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வந்து பார்த்தால் பளபளப்பைக் காணோம். விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி நறநறவென்று இருக்கிறது. நிறமும் கருப்பாக இல்லை, சாம்பல் பூத்த கரி.

அதே பெயின்ட், காற்றழுத்தத்தில் பெயின்ட்டைப் புகையாக அடிக்கும் அதே 0.3 மில்லிமீட்டர் ஏர்பிரஷ், அதே கை. ஐந்து மாதம் முன்பு சென்னையில் டிசம்பரில் அடித்தபோது முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் போல வந்த கருப்பு அது.

வெள்ளி விமானத்துக்கு எதற்குக் கருப்பு என்று கேட்கலாம். மிக்-21 நம் விமானப்படையில் 1963-ல் சேர்ந்தது. பிறகு வந்த அதன் எஃப்.எல். வகை, ஆரம்பத்தில் வண்ணம் பூசாமல் வெறும் உலோக நிறத்திலேயே பறந்தது. அந்த உலோக மினுக்கத்தை மாடலில் கொண்டுவர, அடியில் கண்ணாடி போன்ற கருப்பு வேண்டும். அதன் மேல் ஆல்கிளாட் மாதிரியான மெட்டாலிக் பெயின்ட்டை மெல்லிசாகப் புகையடிப்பதுபோல் அடிக்க வேண்டும். அடியிலிருக்கும் கருப்பில் என்ன குறை இருக்கிறதோ அதை வெள்ளி பத்து மடங்காக்கிக் காட்டும். நறநறத்த கருப்பின் மேல் வெள்ளி அடித்தால் விமானம் வராது, பழைய அலுமினியக் குண்டான்தான் வரும். எனக்கு வந்ததும் அதுதான். தெரிந்தே அடித்தேன். "ஒருவேளை சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற எல்லோருக்கும் உண்டு. இதுவரை அப்படி எதுவும் தானாகச் சரியாகி நான் பார்த்ததில்லை.

என்ன நடந்தது என்று அப்புறம் யோசித்துப் பார்த்ததில் புரிந்தது இது. ஏர்பிரஷ் மூக்கிலிருந்து கிளம்பும் பெயின்ட் பொடிப்பொடித் துளிகளாகப் போகிறது. பிளாஸ்டிக்கில் போய் விழும்போது ஒவ்வொரு துளியும் ஈரமாக இருந்தால்தான் பக்கத்துத் துளியோடு கலந்து, பரவி, ஒரே பரப்பாகும். அந்தப் பரப்புதான் பளபளப்பு. நாற்பது டிகிரிக் காற்றில், பெயின்ட்டை நீர்க்க வைக்கக் கலக்கும் தின்னர் வழியிலேயே ஆவியாகிவிடுகிறது. துளி பாதி காய்ந்து, உருண்டையாகப் போய் ஒட்டுகிறது. அடுத்த துளி அதன் மேல், அதற்கு அடுத்தது அதற்கும் மேல். நான் விமானத்துக்கு அடித்தது பெயின்ட் இல்லை, பெயின்ட் தூள். வெயிலில் அடிப்பதற்கு நான் பிறகு கற்ற எல்லா வித்தையும் ஒரே காரியத்துக்குத்தான்: துளி போய்ச் சேரும்வரை அதன் ஈரம் போகாமல் பார்த்துக்கொள்வது.

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் தெருமுனையில் கார்களுக்கு டிங்கரிங், பெயின்ட்டிங் செய்கிற பாய். என் ஸ்கூட்டரின் பக்கவாட்டுக் கீறலுக்கு டச்-அப் செய்யப் போனபோது பேச்சுவாக்கில் என் கதையைச் சொன்னேன். குட்டி விமானத்துக்குப் பெயின்ட் அடிப்பதில் அவருக்கு ஒரு சிரிப்பு வந்தது. ஆனாலும் காரியத்தை விளக்கினார்.

"எத்தனை மணிக்கு அடிச்சீங்க சார்?"

"பதினொன்னு."

"பதினொன்னுக்கு நாங்க பானட்டே அடிக்க மாட்டோம் சார். மணல் மணலா வரும். மே மாசம் ஃபாஸ்ட் தின்னரத் தொடவே மாட்டோம், ஸ்லோ தின்னர்தான். காலையில ஷெட்டத் தொறந்து தண்ணி தெளிச்சிட்டு மொதல் வேலையா அடிச்சிடணும்."

அரை பாட்டில் ஸ்லோ தின்னரும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, கிட்டில் பாகங்கள் எல்லாம் கோத்து வரும் அந்த வேண்டாத பிளாஸ்டிக் சட்டத்தின் மேல் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். நல்லவேளை. ஒரு நிமிஷத்தில் பிளாஸ்டிக் கொழகொழத்து, காய்ந்ததும் மயிரிழை விரிசல்களாகிவிட்டது. காருக்கு அடிக்கிற தின்னர் தகரத்துக்கு ஏற்றது. மாடல்கள் பாலிஸ்டைரீன், அதைக் கரைத்துவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற என்.சி. தின்னருக்கும் இதே குணம்தான். ஏர்பிரஷைக் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளலாம். பாயிடம் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் சொன்னதை வைத்துக்கொண்டேன்.

மாடல்காரர்களுக்கும் ஸ்லோ தின்னர் உண்டு. மிஸ்டர் கலர் வரிசையில் லெவலிங் தின்னர் என்று ஒன்று வருகிறது. அதிலேயே உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்திருக்கும். காட்டமான தின்னரில் கரையும் லாக்கர் பெயின்ட்டுக்கு அது பொருந்தும், தமியா கம்பெனியின் ஆல்கஹால் அக்ரிலிக்குக்கும் பொருந்தும். சென்னையில் சாதாரண தின்னரை ஒன்றுக்கு ஒன்று கலந்துகொண்டிருந்தவன், வேலூரில் பெயின்ட் ஒரு பங்கு, லெவலிங் தின்னர் இரண்டு பங்கு என்று மாறினேன். ரிடார்டரைத் தனியாக வாங்கிச் சேர்க்கிறவர்கள் கையை அடக்க வேண்டும், பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு தடவை தாராளமாக ஊற்றிவிட்டேன். மூன்று நாள் கழித்தும் இறக்கையில் கைரேகை பதிந்தது.

தண்ணீர் அக்ரிலிக் அடிக்கிறவர்களுக்கு வெயிலில் வேறு தொல்லை. பெயின்ட் ஊசி முனையிலேயே காய்ந்து ஒரு பருக்கை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். கொஞ்ச நேரம் வராது, அப்புறம் திடீரென்று எச்சில் துப்பியதுபோல் தெறிக்கும். இதற்கு மருந்துக்கடை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் கலக்கிற பழக்கம் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. குளிர்காலத்தில் அது நல்லது, சீக்கிரம் காயும். மே மாதத்தில் அந்தச் சீக்கிரம்தானே வினை? அதனால் தண்ணீர், ரிடார்டர் இரண்டு சொட்டு, பெயின்ட்டைத் தடையில்லாமல் ஓடவைக்கும் ஃப்ளோ இம்ப்ரூவர் இரண்டு சொட்டு. பக்கத்தில் தின்னரில் நனைத்த காது குடையும் பட்ஸ். இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊசி முனையைத் துடைத்துவிட்டால் துப்பாது.

தூரமும் காற்றழுத்தமும் காசு செலவில்லாத திருத்தங்கள். அதனாலோ என்னவோ அவற்றைக் கடைசியாகத்தான் முயன்றேன். ஒரு சாண் தூரத்திலிருந்து 25 பி.எஸ்.ஐ.யில் அடிக்கிறவன் நான். அது பைக்கின் முன் டயருக்கு அடிக்கிற காற்று. அவ்வளவு காற்று துளியைப் பொடியாக்கி, விசிறியும் விடுகிறது. பொடித்துளி இன்னும் சீக்கிரம் காய்கிறது. 12-15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினேன். தூரத்தை ஐந்தாறு சென்டிமீட்டராகக் குறைத்தேன். கிட்டே போவதால் கை நிற்காமல் ஓட வேண்டும், நின்றால் வழிந்துவிடும். முதல் இரண்டு நாள் வழியத்தான் செய்தது. ஐஸ்கிரீம் கடையில் கேட்டு வாங்கி வந்த இருபது பிளாஸ்டிக் ஸ்பூன்களில் அடித்துப் பழகினேன். ஸ்பூனுக்கு வளைவு உண்டு, விமான உடம்புக்கும் வளைவு உண்டு. இதைவிட நல்ல பயிற்சிப் பலகை கிடைக்காது. சரியாக அடிக்கிறோமா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: அடித்த இடத்தில் டியூப்லைட்டின் பிம்பம் ஒரு நொடியாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது வெறும் தூள், அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

அப்புறம் நேரம். இருபத்தைந்து ரூபாய்க்கு அரை மணி நேரம் என்று யாராவது விற்றால் நான் காலை ஐந்தரையை வாங்குவேன். என் மேஜை மேல் இருக்கும் சின்ன டிஜிட்டல் மீட்டரில் அந்த நேரத்துக்கு அறை 29 டிகிரி. பகல் இரண்டு மணிக்கு அதே மீட்டர் 41 காட்டி, ஈரப்பதம் முப்பதுக்குக் கீழே கிடக்கும். ராத்திரி குளிர்ந்துவிடும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் ராத்திரி பத்து மணிக்குத்தான் அதை அறைக்குள் விட ஆரம்பிக்கும். மொட்டை மாடிக்குக் கீழே குடியிருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தண்ணீர் தெளிக்கும் யோசனையும் வேலை செய்தது. அறையின் தரையில் வாசல் தெளிப்பதுபோல் தெளித்துவிட்டுப் பத்து நிமிஷம் விட்டேன். தூசி அடங்கும், சூடு இறங்கும், காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறும். தண்ணீர் அக்ரிலிக்குக் காற்றில் ஈரம் இருந்தால் நல்லது, மெதுவாகக் காயும்.

ஆனால் இதைச் சென்னையில் செய்துவிடாதீர்கள். இரண்டு ஊரிலும் வெயில்தான், இரண்டும் வேறு வெயில். திருவான்மியூரில் கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் பத்து வருஷம் இருந்தேன். அங்கே 34 டிகிரிதான் இருக்கும், ஈரப்பதம் எழுபதைத் தாண்டும், அடித்த பெயின்ட் வெளுத்துப்போகும். லாக்கர் தின்னர் ஆவியாகும்போது பரப்பிலிருந்து சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. கையில் சானிடைசர் போட்டால் ஜில்லென்கிறதே, அதே சங்கதி. பரப்பு அப்படிக் குளிர்ந்ததும் காற்றிலிருக்கும் ஈரம் அதன் மேல் படிந்து, காய்ந்துகொண்டிருக்கும் பெயின்ட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. கருப்பு அடித்தால் மேலே பால் ஊற்றிய மாதிரி ஒரு மங்கல். கடைசியாக அடிக்கும் மேட் கிளியர் கோட்டில், அதாவது பளபளப்பில்லாத நிறமற்ற மேல்பூச்சில், இது வந்தால் வயிறு எரியும், இரண்டு மாத வேலைக்கு மேல் திருநீறு பூசியது போலாகிவிடும். ஒரு தடவை பூசியிருக்கிறேன். அதற்குப் பரிகாரம் உண்டு: ஈரம் குறைந்த ஒரு நாளில் லெவலிங் தின்னரை மட்டும் மிக மெல்லிசாக, தூரத்திலிருந்து ஒரு புகை. மேல்பரப்பு லேசாக இளகி, ஈரம் வெளியேறி, மங்கல் பெரும்பாலும் போய்விடும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன்.

ஆக, காய்ந்த வெயிலானாலும் சரி, புழுங்குகிற வெயிலானாலும் சரி, மருந்து ஒன்றுதான்: மெதுவாகக் காயும் தின்னர். தண்ணீர் தெளிப்பது மட்டும் வேலூர் மாதிரிக் காய்ந்த வெயிலுக்கு; கடலோரத்தில் அதற்கு நேர்மாறாக, காற்றிலிருக்கும் ஈரத்தைக் குறைக்கத்தான் வழி பார்க்க வேண்டும்.

சென்னையில், ஏர்பிரஷுக்குக் காற்றழுத்தம் தரும் கம்ப்ரஸரும் தண்ணீர் குடிக்கும். ஈரக்காற்றை அழுத்தினால் அந்த ஈரம் தொட்டியில் தண்ணீராகத் தங்கும். தொட்டியின் அடித்திருகைத் திறந்தால் துருநிறத் தண்ணீர் வரும். தினமும் திறந்து வடிக்க வேண்டும், நான் மாதக்கணக்கில் திறக்காமலே இருந்திருக்கிறேன். கம்ப்ரஸரிலிருந்து சூடாகக் கிளம்பும் காற்று குழாயில் வரும் வழியில் குளிர்ந்து, ஏர்பிரஷ் பக்கத்தில் வந்து சொட்டாகிறது. வெள்ளை இறக்கையில் நடுவே ஒரு தண்ணீர்ச் சொட்டு வந்து விழும்போது உலகத்தின் மேலேயே கோபம் வரும். குழாயை நீளமாக்கி, அதில் இரண்டு சுற்றை ஒரு பக்கெட் தண்ணீருக்குள் போட்டு, ஈரம் பிடிக்கும் வடிகட்டியைக் கம்ப்ரஸர் பக்கம் வைக்காமல் ஏர்பிரஷ் பக்கம் மாட்டினேன். காற்று பக்கெட்டிலேயே குளிர்ந்துவிடும், அங்கே உண்டாகும் தண்ணீரை வடிகட்டி பிடித்துக்கொள்ளும். அழகாக இருக்காது, வேலை செய்யும். கம்ப்ரஸருக்கு ஓய்வும் வேண்டும். மே மாதத்தில் இருபது நிமிஷம் ஓட்டினாலே தொட முடியாத சூடு ஏறும், அப்புறம் தானாக நின்றுகொள்ளும். கரண்ட் போய்விட்டதென்று நான் ஃபியூஸைப் பார்க்கப் போன கதை வேறு.

ஸ்பிரே டப்பா ஆட்களுக்கு ஒரு வார்த்தை. ஏர்பிரஷ் வாங்குவதற்கு முன் நானும் ஹார்டுவேர் கடை டப்பாக்காரன்தான். டப்பாவுக்குள் இருப்பது திரவமாக அழுத்தி வைத்த வாயு. சூடு ஏற ஏற அதன் அழுத்தம் ஏறும். 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். கடையில் வாங்கி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டு, வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு ஒரு கல்யாணச் சாப்பாட்டை முடித்து வந்தேன். அந்த டப்பாவை அழுத்தினால் பெயின்ட் குழாயடித் தண்ணீர் மாதிரி வந்தது. ஒரு டாங்க் மாடலின் சக்கரங்கள் அத்தனையும் பச்சையில் மூழ்கின. மூழ்கியது டாங்கோடு போயிற்று என்று சந்தோஷப்பட வேண்டும். டப்பா வெடித்திருந்தால் சீட்டே போயிருக்கும். நிறுத்தி வைத்த காரில், ஜன்னலோர வெயிலில் டப்பாவை வைக்கவே வைக்காதீர்கள்.

இதே வெயில் என்னை இன்னொரு புத்திசாலித்தனத்துக்கும் தூண்டியது. பெயின்ட்டையும் தின்னரையும் ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன? காய்கறிக்குப் பக்கத்தில் தின்னரா என்று வீட்டில் ஒரே போடு. சண்டை போட்டுப் பார்த்தேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டதில் அவள் சொன்னதைவிடப் பெரிய காரணம் இருந்தது: மூடி சரியாக மூடாமல் தின்னர் ஆவி உள்ளே சேர்ந்தால், ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் சுவிட்சின் சின்னப் பொறி போதும். இப்போது பாட்டில்கள் இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில், சுவரோரமாக இருக்கின்றன. அறையிலேயே அதுதான் குளிர்ந்த மூலை.

ஏ.சி. அறையில் அடிக்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. வீட்டு ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருக்கிறதையே சுற்றவிடுகிறது. லாக்கர் அடித்தால் அந்த நாற்றத்தை ராத்திரி முழுக்க நீங்களும் குழந்தைகளும் சுவாசிப்பீர்கள். நான் ஜன்னலில் வெளியே இழுக்கும் ஃபேன் வைத்த ஒரு பெட்டிக்குள்தான் அடிக்கிறேன். முகத்தில் ஆவியைப் பிடிக்கும் கரி கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க். கொரோனா கால என்95 மாஸ்க் தூசியைத்தான் நிறுத்தும், தின்னர் ஆவியை நிறுத்தாது. மே மாதத்தில் இந்த ரப்பர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட்டு உட்கார்வது ஒரு தவம். ஃபேனை நிறுத்தத்தான் வேண்டும். ஓடினால் துளியையும் காயவைக்கும், தூசியையும் கொண்டுவந்து ஒட்டும். நெற்றியில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். மூக்கு நுனியிலிருந்து விழும் வியர்வைச் சொட்டு எந்தத் தின்னருக்கும் கரையாது. பருத்தித் துண்டு வேண்டாம், நூல் பறக்கும். கையுறை போட்டுக்கொண்டுதான் மாடலைத் தொட வேண்டும். வியர்த்த விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காமல் பின்னால் டேப்போடு உரிந்து வரும்.

டேப் என்றதும் நினைவு வருகிறது. மாஸ்கிங் டேப்பின் பசை இந்தச் சூட்டில் இளகும். ராத்திரி ஒட்டிவிட்டுக் காலையில் உரிக்கலாம் என்று விடுவது குளிர்காலப் பழக்கம். வெயிலில் ஒட்டினால், அடித்து, பெயின்ட் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் உரித்துவிட வேண்டும். விட்டால் பசை மாடலில் தங்கிவிடும்.

குண்டானாகிப் போன என் மிக்-க்கு வருகிறேன். மொத்தத்தையும் கரைத்தெடுக்க மனம் வரவில்லை. 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன், பிறகு 3000. இரண்டு மாலைகள். நறநறப்பு போனதும் கழுவித் துடைத்து, மறுபடி கருப்பு. இந்த முறை ஐந்து நாற்பதுக்கு, தரை தெளித்து, ஒன்றுக்கு இரண்டு லெவலிங் தின்னரில், 14 பி.எஸ்.ஐ.யில், நாலு விரற்கிடை தூரத்தில். முதல் இரண்டு சுற்று மெல்லிசாக, மூன்றாவது ஈரமாக. டியூப்லைட் இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உடையாமல் ஓடியது. பால்காரர் மணி அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார், நான் எழுந்திருக்கவில்லை. இரண்டு நாள் காயவிட்டு அதே ஐந்து நாற்பதுக்கு வெள்ளி அடித்தேன்.

செப்டம்பர் 26-ம் தேதி சண்டிகரில் கடைசி மிக்-21-கள் விமானப்படையிலிருந்து விடைபெற்றுப் பறந்து இறங்கியதை டி.வி.யில் பார்த்தபோது என்னுடையது ஷோகேஸில் நின்றுகொண்டிருந்தது. தள்ளி நின்று பார்த்தால் நல்ல உலோகம். கிட்டே வந்தால் வாலின் இடதுபக்கம் ஒன்று தெரியும். விடியற்காலை டியூப்லைட்டுக்கு வந்த கொசு ஒன்று, கருப்பு ஈரமாக இருந்த அந்தப் பத்து நிமிஷத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மத்தியான வெயிலில் அடித்திருந்தால் அது வந்து உட்காருவதற்குள் காய்ந்திருக்கும். ஈரத்தில் தொட்டால் கெடுமென்று விட்டு, காய்ந்தபின் இடுக்கியால் எடுத்தேன். உடம்பு வந்தது. ஒரு கால் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது, வெள்ளி பூசிக்கொண்டு.